மாலைக்கு நிக்குற சீக்கு

இந்தாங்க அம்மிணி, கொஞ்சம் திருநீறு எடுத்துக்குங்க. பழனித் திருநீறு. பூசிக்கறதுன்னாப் பூசிக்குங்க, வாயில போட்டுக்கறதுன்னாலும் போட்டுக்குங்க. நான் வாயிலதான் போட்டுக்குவேன். பிரசாதந்தானுங்களே.

அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்துனீங்கன்னாத் தேவலை. காத்து பொட்டலத்தையே தூக்கீட்டுப் போயிரும். ஆங், இப்பச் சரி.

கொஞ்சம் மெதுவாப் பேசலாமுங்க. முன்னாடி டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல பச்சை வேட்டி, பச்சைத் துண்டு, கழுத்துல மாலை போட்டுட்டு ஒருத்தரு உக்காந்திருக்காரு பாருங்க, அவருதான் எங்கூட்டுக்காரரு. திரும்பிப் பாத்தாருன்னா நான் சும்மா ஊர்க்கதை பேசற மாதிரி சிரிப்பேன். நீங்களும் சிரிச்சுருங்க.

ரோடெல்லாம் சனம் நடந்து போகுது பாத்தீங்களா. தைப்பூசத்துக்கு இன்னும் நாலு நாள்தான். நாங்களும் வருசா வருசம் புங்கவலசுல இருந்து பழனிக்கு நடந்துதான் போவோம். மாலை போட்டவரு பஸ்ஸுல போறாரேன்னு கண்டக்டரே ஒரு மாதிரிப் பாத்தாரு. இன்னைக்கு நடக்க நேரமில்லீங்க. காரணம் இருக்குது, சொல்றேன். தாராபுரம் தாண்டற வரைக்கும் எனக்கு மூச்சு நேரா வராது.

நீங்க டீச்சருங்களா? பையப் பாத்தாலே தெரியுது. அப்ப நாயத்த நீங்களே சொல்லுங்க. குடிக்கறது சீக்குங்களா, இல்ல மனசுறுதி இல்லாததுங்களா? தாராபுரத்துல ஒரு டாக்டரம்மா இருக்குது. சின்ன வயசுதான். அது சீக்குன்னு சொல்லுது. சர்க்கரை மாதிரி, ஆஸ்துமா மாதிரி அதுவும் ஒரு சீக்காம். மூளைக்குள்ளயே போயி உக்காந்துக்குமாம். எனக்கு அந்தம்மாகிட்ட ஒரே ஒரு கேள்விதானுங்க. எங்க மாமியாருக்கு இருபது வருசமாச் சர்க்கரை. ஒரு மண்டலம் மாலை போட்டாச் சர்க்கரை நிக்குமுங்களா? நிக்காதுங்களே. எங்கூட்டுக்காரருக்குக் குடி நிக்குது. மாலையக் கழுத்துல போட்டா அந்த நிமிசமே நின்னுருது. மாலைக்கு நிக்குறது எப்படீங்க சீக்காகும்?

அவரு பேரு மருதாசலம். பேரைச் சொல்லக்கூடாது, உங்களுக்கு வெவரம் தெரியோணும்னு சொல்றேன். மோட்டாருக்குக் காயில் கட்டற வேலை. கெணத்து மோட்டாரு எரிஞ்சுதுன்னா காங்கயம் சுத்துவட்டாரத்துல அவருகிட்டத்தான் கொண்டுட்டு வருவாங்க. செப்புக்கம்பி தலைமுடியாட்டம் இருக்கும். அதைச் சுத்தறதுக்குக் கை நடுங்கக்கூடாது. ஆனாப் பாருங்க, காலையில எந்திரிச்சா கை நடுங்கும். ஒரு கட்டிங் உள்ள போனாத்தான் நடுக்கம் நிக்கும். குடிக்காம இருந்தா வேலை செய்ய முடியாது, குடிச்சா வேலையத் தவுர வேற எதும் செய்ய முடியாது. பதினாறு வருசம் இப்படித்தான் ஓடுச்சு. நான் அழுது பாத்தேன், சண்டை போட்டுப் பாத்தேன், எங்கம்மா ஊட்டுக்குப் போயி மூணு மாசம் இருந்து பாத்தேன். மூணு மாசமும் நிம்மதியாக் குடிச்சாருங்க.

அப்புறந்தான் எனக்கு யோசனை வந்துச்சு. எங்க ஊருல ராக்கியண்ணன்னு ஒரு குருசாமி இருக்காரு, முப்பது வருசம் சபரிமலைக்குப் போனவரு. அவரு காதுல விசயத்தப் போட்டேன். கார்த்திகை ஒண்ணாந்தேதி கோயில் வாசல்ல நாலு பேரு முன்னால வெச்சு, "மருதாசலம், வா சாமி"ன்னு கூப்பிட்டு மாலையப் போட்டுட்டாரு. நாலு பேரு முன்னால எப்படீங்க வேண்டாம்பாரு? திருதிருன்னு முழிச்சுட்டு நின்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு சிரிப்பு.

மொத நாள் ஒண்ணுமில்ல. ரெண்டாம் நாள் வேர்த்து வேர்த்து ஊத்துச்சு. மூணாம் நாள் பொழுது சாய உடம்பெல்லாம் நடுக்கம், கண்ணு ஒரு பக்கமா நிலை குத்திப் போச்சு. "அந்தாப் பாரு, செவுத்துல செவப்பு எறும்பு போகுது, சாரை சாரையாப் போகுது"ன்னாரு. செவுத்துல ஒரு எறும்பு இல்லீங்க. நான் பயந்து போயி குருசாமியக் கூட்டீட்டு வந்தேன். அவரு பாத்தாரு. சட்டுன்னு கற்பூரத்தப் பத்த வெச்சாரு. "துளசிமணி, பயப்படாத. சாமி எறங்கியிருக்குது"ன்னாரு.

அவ்வளவுதான். கால் மணி நேரத்துல ஊரே எங்க வாசல்ல. குறி கேக்கறதுக்கு வரிசை கட்டி நிக்கறாங்க. மேக்கால தோட்டத்துப் பழனாத்தா வந்து, என்ற எருமை எப்பச் சாமி கன்னு போடும்னு கேட்டா. இவரு செவுத்தக் காட்டி, "ரெண்டு, ரெண்டு"ன்னாரு. சரியா ரெண்டு நாள்ல கன்னு போட்டுருச்சுங்க! நானும் உட்டேனா? நம்ம புள்ளைக்கு எங்க சாமி மாப்பிள்ளை அமையும்னு கால்ல உழுந்து கேட்டேன். "தண்ணி, தண்ணி"ன்னாரு. தண்ணி பக்கமா இருக்கற ஊருல அமையும்னு குருசாமி வெளக்கம் சொன்னாரு. அமைஞ்சுதுங்களே. பவானி. ஊட்டுக்குப் பின்னாலயே ஆறு.

இதை அந்த டாக்டரம்மாகிட்டப் பெருமையாச் சொன்னேன். அது பேனாவக் கீழ வெச்சுருச்சு. "அம்மா, அது சாமி இல்ல. ரொம்ப நாள் குடிச்சவங்க திடீர்னு நிறுத்துனா இப்படித்தான் ஆகும். நடுக்கம், இல்லாதது கண்ணுக்குத் தெரியறது, வலிப்பு. உசுரே போயிருக்கும். உங்க வீட்டுக்காரர் பொழைச்சது பெரிய விசயம்"னு சொல்லுச்சு. அப்ப எருமை எப்படி ரெண்டு நாள்ல கன்னு போட்டுச்சுன்னு கேட்டேன். பேனாவ எடுத்து மறுபடி எழுத ஆரம்பிச்சுருச்சு. படிச்சவங்ககிட்ட எல்லாத்துக்கும் பதில் இருக்காது பாருங்க.

கொஞ்சம் இருங்க, இன்னொரு சிட்டிகை போட்டுக்கறேன். பேசிப் பேசி நாக்கு வறண்டு போச்சு.

ஆங். நாலாம் நாள் தெளிஞ்சுட்டாரு. அதுக்கப்புறம் பாக்கோணுமே அந்த மனுசனை! காலையில பச்சைத் தண்ணியில குளிப்பு, நெத்தி நெறையச் சந்தனம். கை நடுங்காமக் காயில் கட்டறாரு. நாப்பத்தெட்டு நாளும் என்ற ஊட்டுல ஒரு சத்தம் இல்ல. எனக்குப் புதுசாக் கல்யாணம் ஆன மாதிரி இருந்துச்சு. சரி, இனி நல்லாயிட்டாருன்னு நெனச்சேன். மலைக்குப் போயிட்டு வந்து மாலையக் கழட்டுனாரு. நான் அடுப்புல அரிசியப் போட்டுட்டுத் திரும்பறேன், ஆளைக் காணோம். சோறு வடிக்கறதுக்குள்ள தள்ளாடிக்கிட்டு வந்து நிக்கறாரு.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. கோளாறு அவருகிட்ட இல்லீங்க, மாலையக் கழட்டறதுலதான் கோளாறு. கழட்டுனாத்தானே? கார்த்திகையில ஐயப்பனுக்குக் கருப்பு. தையில முருகனுக்குப் பச்சை. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தம் எடுத்துட்டுப் பழனிக்குப் போறதுக்குக் காவி. சித்திரையில மாரியாத்தாளுக்குக் காப்புக்கட்டு. ஆடியில சக்திக்குச் சிவப்பு. புரட்டாசி பூரா பெருமாளுக்கு மஞ்சள். ஐப்பசியில கந்த சஷ்டி. சாமிகளுக்குள்ள சண்டை வராம எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்தேன். எங்க கொடியில காயற வேட்டியப் பாத்துட்டு, இது என்ன கட்சி ஆபீஸான்னு கேட்டுட்டுப் போனாரு ஒரு ஆளு.

ரெண்டு வருசம் இப்படியே ஓட்டுனேன். ஆனா எப்படி நெருக்கிப் போட்டாலும் நடுவுல நாலு நாள், அஞ்சு நாள் இடைவெளி உழுந்துருதுங்க. அந்த நாளையில ஊட்டுல இருக்கற பொம்பளைக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் குடிக்காத குடியெல்லாம் சேத்துக் குடிப்பாரு. போன ஐப்பசியில சஷ்டி முடிஞ்சு கார்த்திகை பொறக்கறதுக்கு முன்னால ஒரு நாலு நாள். நாலாம் நாள் வாசல்ல நின்னு வாந்தி எடுத்தாரு. ரத்தமுங்க. நான் அது வெத்தலைச் சாறுன்னு நெனச்சேன். அவரு வெத்தலை போடறதில்லைன்னு அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு.

அப்பத்தான் தாராபுரத்துக்குக் கூட்டீட்டுப் போனோம். அந்த டாக்டரம்மா எல்லாம் பாத்துட்டு, ஈரல் கெட்டுப் போச்சு, இன்னொரு தடவை இப்படிக் குடிச்சா ஆள் தங்கமாட்டாருன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லீருச்சு. மூணு வாரம் இங்கயே தங்கட்டும், மாத்திரை இருக்குது, பேசிப் பாக்கறதுக்கு ஆள் இருக்குதுன்னு சொல்லுச்சு. நான்தான் வேண்டாம்னுட்டேன். கார்த்திகை பொறக்குதுங்க, மாலை போட்டாச் சரியாப் போயிரும்னு சொன்னேன். அதுக்கு அது ஒரு வார்த்தை சொல்லுச்சு. "மாலை போட்டிருக்கும்போது அவர் குடியை விடலைங்கம்மா. காத்துக்கிட்டு இருக்கார்." இவருக்கு அந்த வார்த்தை எங்கயோ போயித் தச்சுருச்சாட்ட இருக்குது, தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. எனக்குக் கோவம்னாக் கோவம்.

அதோட உட்டுச்சா அந்தம்மா? என்னையப் பாத்து, "நீங்க இப்படி வாங்க"ன்னு கூப்பிட்டு, கண்ணுக்குக் கீழ இழுத்துப் பாத்துச்சு, நாக்க நீட்டச் சொல்லுச்சு. உங்களுக்கு ரத்தமே இல்லையே, மண்ணு, சாம்பல் ஏதாச்சும் திங்கறீங்களான்னு கேட்டுச்சு. நான் என்ன பைத்தியமா அம்மிணி, சாம்பல் திங்கறதுக்கு? இல்லவே இல்லைன்னுட்டேன். இவரு பின்னால இருந்து, "திருநீறு திங்குதுங்க, ஒரு நாளைக்கு மூணு பொட்டலம்"னு போட்டுக் குடுத்துட்டாரு. அதுவும் ஒரு சீக்காம்! ரத்தம் இல்லாதவங்களுக்கு அப்படி ஆசை வருமாம். இரும்பு மாத்திரை எழுதிக் குடுத்துச்சு. அந்த மாத்திரையக் கரைச்சுத் துளசிச் செடிக்கு ஊத்துனேன், செடி நல்லா வந்திருக்குது.

வெளிய வந்து இவரு என்னையக் கேக்கறாரு. நான் ஒரு மண்டலம் உடறேன்ல, நீ ஒரு மண்டலம் திருநீற உடு பாக்கலாங்கறாரு. உடறேன்னேன். எனக்கென்ன, மனசுறுதி இல்லையா? ரெண்டு நாள் உட்டேனுங்க. மூணாம் நாள் மாரியாத்தா கோயிலுக்குப் போனேன். என்னன்னே தெரியல, தூணுல சனங்க அப்பீட்டுப் போயிருந்த திருநீறு என்ற வாயில இருந்துச்சு. பூசாரி பாத்துட்டாரு. அது தோத்தது இல்லீங்க. பிரசாதத்த வேண்டாங்கறது சாமி குத்தம், அதுக்காக எடுத்துக்கிட்டேன். நெனச்சா நாளைக்கே உட்ருவேன். இவரு மாதிரி இல்ல நானு.

இது ஊதியூருங்களா? அப்பத் தாராபுரத்துக்குப் பாதி தூரம் வந்துட்டோம். அவரு இந்தப் பக்கம் திரும்புலீங்களே? ஜன்னலயே பாத்துட்டு இருக்காரு. காலையில இருந்து அப்படித்தான் இருக்காரு.

இனிமேத்தான் வெசயமே. இந்தக் கார்த்திகையில மாலை போட்ட கூட்டத்துல ஒருத்தரு, போட்டு ஒரு வாரங்கூட ஆகறதுக்குள்ள மாலையக் கழட்டீட்டாரு. ஏன்னு கேட்டா, அவரோட பங்காளி ஒருத்தரு கொடுமுடிப் பக்கம் தவறிட்டாராம். பங்காளி செத்தாத் தீட்டு, மாலை ஆகாது. கழட்டோணும். அதுக்கப்புறம் பதினாறு நாள் கருமாதி முடியற வரைக்கும் எந்த மாலையும் போட முடியாது. எங்கூட்டுக்காரரு அதைக் கேட்டாரு பாருங்க. அவரு காது ரெண்டும் அப்படியே நிமுந்துச்சு. குருசாமிகிட்டப் போயி, எத்தனை தலைமுறைப் பங்காளி வரைக்குமுங்க தீட்டுன்னு ரொம்பப் பணிவா விசாரிச்சாரு. குருசாமிக்குச் சந்தோசம், எவ்வளவு சிரத்தையாக் கேக்கறான்னு.

மக்யா நாள் விடிஞ்சதுமே கெளம்பீட்டாருங்க. சைக்கிள எடுத்துட்டு ஊரு ஊராப் போறாரு, ஒரு பங்காளி பாக்கி இல்ல. உடம்பெல்லாம் எப்படி இருக்குது, சோறு எறங்குதா, மூச்சு வாங்குதான்னு பக்கத்துல உக்காந்து கேக்கறாரு. பத்து வருசமாப் பேச்சுவார்த்தை இல்லாத ஊட்டுக்கெல்லாம் போனாரு. மாலை போட்டதுக்கப்புறம் மருதாசலம் எப்படி மாறிட்டான் பாரு, பெரியவங்க மேல எவ்வளவு பாசம்னு சாதிசனமெல்லாம் கண்ணுல தண்ணி உடுது. எனக்குத்தானே தெரியும், அந்தப் பாசம் எங்க போயி முடியும்னு.

கடைசியில அவருக்கு வாகா அமைஞ்சது எங்க பக்கத்து வளவுச் செம்பண்ணப் பெரியப்பா. எனக்கு மாமா முறை. வயசு தொண்ணூத்தி ஒண்ணு. கட்டுலோட கெடக்கறாரு. இவரு தெனமும் காலையில கோழி கூப்பிடறப்பக் குளிச்சுட்டு நேரா அங்கதான் போவாரு. கட்டுலுக்குப் பக்கத்துல நின்னு மூஞ்சிய உத்துப் பாப்பாரு. மூச்சு வருதுன்னா, சாமி சரணம்னு சொல்லீட்டுத் திரும்பி வந்துருவாரு.

நான் சும்மா இருப்பனுங்களா? அவரு திரும்பி வந்ததும் நான் போவேன். ராகிக் கஞ்சி, கீரைச் சாறு, மத்தியானம் கொழைய வடிச்ச சோறு. அந்தூட்டு மருமகளே அவ்வளவு பாக்க மாட்டா. குளுருக்குக் கம்பளித் தொப்பி வாங்கிப் போட்டுட்டேன். மார்கழியில ஒரு தடவை சளி கட்டி இழுத்துக்கிட்டுக் கெடந்தாரு. நான் ராத்திரியும் பகலுமா அங்கயே உக்காந்து, கம்பவுண்டரக் கூட்டீட்டு வந்து ஊசி போட வெச்சு, ஆளை எந்திரிச்சு உக்கார வெச்சுட்டேன். ஐயப்பனுக்குக் கருப்பக் கழட்டற அன்னைக்கே, அதே எடத்துல குருசாமி கையால பச்சையப் போட வெச்சுட்டேன். இவருக்கு மூஞ்சி அப்படியே தொங்கிப் போச்சு.

பெரியவரு லேசுப்பட்ட ஆள் இல்லீங்க. ஒரு நாள் நான் கஞ்சி ஊட்டிட்டு இருக்கறேன். வாயத் தொடச்சுட்டு என்னையப் பாத்துச் சொன்னாரு. "ஏஞ்சாமி, ஒருத்தன் நான் எப்பச் சாவேன்னு பாக்க வர்றான். ஒருத்தி நான் சாகக்கூடாதுன்னு பாக்க வர்றா. என்னையப் பாக்க ஒருத்தரும் வர்றதில்ல." எனக்கு உசுரே போயிருச்சு. அப்புறம் அவரே சிரிச்சுட்டு, "சரி, நீ கஞ்சி ஊத்து. பூசம் வரைக்கும் இழுத்துப் புடிக்கறேன்"னாரு. அன்னைக்கு இருந்து நெசமாலுமே அவரைப் பாக்கத்தான் போனேன் அம்மிணி. அது வேற விசயம்.

இன்னைக்குக் காலையில அஞ்சு மணிக்குப் போன் வந்துச்சு. அவரு மகன் நாச்சிமுத்து. "துளசிமணி, அப்பா போயிட்டாரு"ன்னாரு.

இருங்க, கண்ணுல தூசி. ஜன்னலு சரியாச் சாத்துல.

நான் என்ன செஞ்சேன்னாக் கேட்டு என்னையத் திட்டக்கூடாது. ஒரு அழுகை அழுகுல. என்ற போனை அமத்துனேன். அவரு போனையும் எடுத்து அமத்தி அரிசி டப்பாவுல போட்டேன். அவரு அப்பத்தான் குளிச்சுட்டு ஈரத் துண்டோட உள்ள வர்றாரு. "சாமி, இன்னைக்கே பழனிக்குக் கெளம்பறோம். முருகன் கனவுல வந்து உடனே வரச் சொன்னாரு"ன்னேன். முருகன் மேலயே பழியப் போட்டுட்டேன். அவரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. சரின்னாரு. எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்குல. கொல்லைப் பக்கமா, வாழைத் தோப்பு வழியாக் கூட்டீட்டு வந்து பஸ் ஏத்திட்டேன்.

காதுல உழுந்தாத்தானுங்களே தீட்டு? உழுகாத வரைக்கும் மாலை இருக்கலாம். பூசம் வரைக்கும் பழனியில ஏதாச்சும் மடத்துல தங்கிக்குவோம். பூசத்தன்னைக்கு அங்கயே பச்சையக் கழட்டி அங்கயே பங்குனிக்குக் காவியப் போட்டுருவேன். இப்ப விசயம் தெரிஞ்சுதுன்னா பதினாறு நாளுங்க. நாலு நாளுக்கே ரத்தம் எடுத்த மனுசன். பதினாறு நாளு எப்படீங்க தாங்குவாரு? பங்காளி சாவ மறைச்சவளுன்னு ஊரு என்னையக் காறித் துப்பும். பெரியவருக்குக் கடைசியாத் தண்ணி வாக்கக்கூட எங்கூட்டுல இருந்து ஒருத்தரும் நிக்குல. ரெண்டு மாசம் இந்தக் கையாலதான் கஞ்சி ஊத்துனேன். ஒரு வாய் அழுகோணும்னு இருக்குது. அழுதா அவருக்குத் தெரிஞ்சுரும். எனக்கு அவரு உசுரோட வேணுமுங்க. அவ்வளவுதான். மத்ததெல்லாம் அப்புறம்.

தாராபுரம் வந்துருச்சுங்களா? வண்டி இங்க பத்து நிமிசம் நிக்கும், தெரிஞ்சவங்க யாராச்சும் வந்து எழவு சேதிய அவருகிட்டச் சொல்லீருவாங்க. நான் எறங்க மாட்டேன். அவரையும் எறங்க உடமாட்டேன். ஐயோ, பையத் தூக்கிட்டு எந்திரிச்சுட்டாரே. இங்கதான் வர்றாரு. சிரிங்க அம்மிணி, சிரிங்க. என்னங்க சாமி? டீயுங்களா? எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. இவங்க டீச்சரு, சும்மா பேசிட்டு... என்னங்க? கிட்ட வந்து சொல்லுங்க, சத்தத்துல கேக்குல.

...

சரிங்க. நீங்க கீழ நில்லுங்க. செருப்ப மாட்டீட்டு வர்றேன்.

அம்மிணி, அவரு என்ன சொன்னாருன்னு கேட்டுச்சுங்களா? கேட்டிருக்காது. அவருக்குத் தெரியுமாம். எனக்குப் போன் வர்றதுக்கு முந்தியே தெரியுமாம். இன்னைக்கும் நான் எந்திரிக்கறதுக்கு முந்தியே, குளிக்காமயே பெரியவரப் பாக்கப் போயிருக்காரு. இவரு கையப் புடிச்சுட்டுத்தான் பெரியவருக்கு உசுரு போயிருக்குது. தண்ணி வாத்ததும் இவருதானாம். நாச்சிமுத்துகிட்ட, அவளுக்கு மட்டும் போன் பண்ணு, அவ என்னைய ஊர உட்டே கூட்டீட்டுப் போயிருவான்னு சொல்லீட்டு வந்து குளிச்சிருக்காரு. நான் போனை அரிசி டப்பாவுல போட்டதக் கதவுச் சந்துல நின்னு பாத்திருக்காரு.

ரெண்டு மாசமா இந்த நாளுக்குத்தானே அம்மிணி காத்துட்டு இருந்தாரு? வந்துருச்சு. கழட்டறதுக்குக் கழுத்துல கையும் வெச்சுட்டாராம். வெச்ச கைய எடுத்துட்டாராம். "கழட்டுனா நான் எழவு ஊட்டுக்குப் போகமாட்டேன் புள்ள, நேரா அங்கதான் போவேன். எனக்கே பயமாப் போச்சு"ங்கறாரு. டிக்கெட்டே தாராபுரம் வரைக்குந்தான் எடுத்திருக்காரு. அந்த டாக்டரம்மாகிட்டக் கூட்டீட்டுப் போங்கறாரு. மூணு வாரமோ மூணு மாசமோ, உள்ள போட்டுக்கட்டுங்கறாரு. மாலைய அங்க உள்ள போனதுக்கப்புறம் நீயே கழட்டு, அதுவரைக்கும் கெடக்கட்டும், இங்க இருந்து ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ரெண்டு பிராந்திக் கடை இருக்குதுங்கறாரு.

இதுக்கு நான் என்னங்க சொல்றது? கெடைச்ச சாக்க வேண்டாம்னு உட்டுட்டு வந்திருக்காரு. இதைவிட மனசுறுதி எங்கீங்க இருக்குது? நான் சொன்னதுதானே சரி? ஆனா அந்த மனுசன் ரெண்டு கடையத் தாண்ட முடியாதுன்னு நடுங்கிட்டு நிக்கறாரே, அது என்னங்க? எனக்கு ஒண்ணும் புரியல. அந்த டாக்டரம்மாகிட்ட நான் வாயத் தொறக்கப் போறதில்ல. அது என்ன பேரு வெச்சாலும் வெச்சுக்கட்டும்.

வர்றேனுங்க அம்மிணி. அந்தா, படிக்குக் கீழ நின்னு கைய நீட்டறாரு பாருங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் கையப் புடிச்சுக்கிட்டே வா, உட்றாதங்கறாரு. மாலை போட்டவரு சம்சாரத்தத் தொடக்கூடாதுங்க, பெரிய தப்பு. பரவாயில்ல. ரெண்டு கடை தாண்டற வரைக்கும் முருகன் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பி நிக்கட்டும்.